தடுப்பூசிக்கு விளம்பரம்: எந்த மொழியில், எவர் வாயால்?

(சல்லியில் நடைபெற்ற ஊர்க்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அரசாங்கப் பணத்தைப் பற்றியது. பெருந்தொகை அன்று, வரவு செலவுத் திட்டத்தில் தேடிப் பார்த்தாலன்றிக் கண்ணிற் படாத தொகை. தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று மக்களுக்கு எடுத்துரைப்பதற்காகப் பத்திரிகைக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் சுவரொட்டிக்கும் அரசாங்கம் கொடுக்கும் பணம் அது.

மருந்துக்குச் செலவிடும் பணத்தைப் பற்றி எவரும் வழக்காடுவதில்லை. மருந்தைப் பற்றிப் பேசுவதற்குச் செலவிடும் பணத்தைப் பற்றியே வழக்கு எழுகிறது. நல்ல பண்டத்திற்கு விளம்பரம் எதற்கு என்று கேட்கிறார்கள். அந்தப் பணத்தில் இன்னும் நான்கு போத்தல் மருந்து வாங்கலாமே என்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆயினும் போத்தலில் இருக்கும் மருந்து எவரையும் காப்பதில்லை. பிள்ளையின் உடலில் ஏறிய மருந்தே காக்கிறது. போத்தலுக்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு தாயின் சம்மதம் நிற்கிறது. அந்தச் சம்மதத்தைப் பெறுவதற்கு அரசாங்கம் பேசத்தான் வேண்டும். பேசுவதற்குப் பணமும் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது வேறு. எந்த மொழியில் பேசுகிறது? உண்மையைப் பேசுகிறதா? பேசி முடித்தபின் நமது மறுமொழியைக் கேட்பதற்கு ஓர் ஆளை நிறுத்தி வைத்திருக்கிறதா?

இதைச் சல்லியில் பேசுவது பொருத்தம் என்று கருதினோம். இவ்வூரின் பெயரைச் சொன்னவுடன் திருகோணமலை மாவட்டத்தார் எவர்க்கும் நினைவுக்கு வருவது கடலோரத்து முத்துமாரியம்மன் கோயில். பொங்கலுக்குப் பட்டினத்திலிருந்தும் கிராமங்களிலிருந்தும் மக்கள் திரள்திரளாக வருகிறார்கள். முத்து என்று நம் முன்னோர் எதனைச் சொன்னார்கள்? உடலெங்கும் எழும்பிய அம்மைக் கொப்புளத்தைச் சொன்னார்கள். பெயரைச் சொல்லவும் அஞ்சிய நோய் ஆதலால் அதற்கு அழகிய பெயரொன்றைச் சூட்டினார்கள். நோய் கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகினார்கள். அந்த வேப்பிலை ஓர் அறிவித்தல் அன்றோ? இவ்வீட்டில் அம்மை கண்டிருக்கிறது, உள்ளே வராதே என்று எழுத்தறியாதவனுக்கும் சொன்ன அறிவித்தல் அது. அச்சுக்கூலி ஒரு சதமும் இல்லை, மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை, பொய்யும் இல்லை. அரசாங்கத்தின் எந்த விளம்பரத்தையும் அந்த வேப்பிலையோடு வைத்து அளந்து பார்க்கலாம் என்பது நமது எண்ணம்.

அந்த நோய்க்கு மாற்று வந்த வரலாற்றைக் கமக்காரத் தோழர்கள் விரும்பிக் கேட்பீர்கள்; ஏனெனில் அது மாட்டுப் பட்டியிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் பால் கறக்கும் பெண்களுக்கு மாட்டம்மை தொற்றிக் கையிற் கொப்புளம் வரும். பிறகு பெரியம்மை அவர்களை அணுகாது என்பது நாட்டுப்புறத்தார் அறிந்த செய்தி. எட்வர்ட் ஜென்னர் என்னும் வைத்தியர் அதை 1796ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் ஓர் எட்டு வயதுச் சிறுவனிடம் சோதித்துப் பார்த்தார். இலத்தீன் மொழியில் பசுவுக்கு வாக்கா என்று பெயர். அதிலிருந்தே வாக்சின் என்ற சொல் பிறந்தது. நம்மவர் அதற்கு அம்மைப்பால் என்று பெயரிட்டார்கள். நல்ல பெயர். 1802ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாயில் மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்றின் உடலில் அம்மைப்பால் பற்றிற்று. அதே ஆண்டில் இலங்கைக்கும் வந்தது. அதற்கு முன்னர் இத்தீவில் பெரியம்மை செய்த அழிவை, இங்கே வைத்திய அதிபராக இருந்த தோமஸ் கிறிஸ்டி 1811ஆம் ஆண்டு ஒரு நூலாகவே எழுதிவைத்தார்.

மருந்து வந்துவிட்டது, மக்கள் வரவில்லை. அயலவன் கொண்டுவந்த சீழைத் தன் பிள்ளையின் உடலில் கீறி ஏற்றுவதற்கு எந்தத் தாய் ஒப்புவாள்? நாமாக இருந்தாலும் ஒப்பியிருக்க மாட்டோம். அக்காலத்தில் சென்னையில் கலெக்டராக இருந்தவர் எல்லிஸ் துரை; திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உரை வரைந்தவர்; தமிழை உள்ளபடி கற்றவர். அவர் மக்களைச் சம்மதிக்கச் செய்யத் தமிழிலேயே ஒரு கதை இயற்றினார். தேவ வைத்தியராகிய தன்வந்திரிக்குச் சக்தியே அம்மைப்பாலின் பெருமையை எடுத்துரைப்பதாகவும், பசுவின் மூலம் அருளப்பெற்ற வரமே அது எனவும் அக்கதை செல்லும். தடுப்பூசிக்காகத் தமிழில் எழுந்த விளம்பரங்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று இதுவே.

இதனை நாம் இருமனத்தோடு நோக்குகிறோம். மக்களின் மொழியில், மக்களின் மனத்தில் உள்ள தெய்வத்தின் பெயரால், மக்களுக்கு விளங்கும் வண்ணம் பேசவேண்டும் என்று இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளைக்காரருக்குத் தோன்றிற்று. பின்வந்த எத்தனையோ திணைக்களங்களுக்கு அது தோன்றவில்லை. அந்த அளவில் அவரைப் போற்றலாம். ஆனால் அது கட்டுக்கதை. தெய்வம் சொல்லாததைத் தெய்வம் சொன்னதாகச் சொல்வது, எவ்வளவு நல்ல நோக்கத்தோடு சொன்னாலும், பொய்யே. ஜென்னருக்கு முன்னரே இந்திய நாட்டில் இம்மருந்து இருந்தது என்று போலிச் சான்று காட்டும் எழுத்துகளும் அக்காலத்துப் பத்திரிகைகளில் உலவின. நல்ல ஊசிக்குப் பொய்யான வக்காலத்து வாங்கினால், பொய் வெளிப்படும் நாளில் ஊசியும் சேர்ந்து பழிபடும். வேப்பிலையில் விளக்கம் இருந்தது, உண்மையும் இருந்தது. எல்லிஸ் துரையின் கதையில் ஒன்று இருந்தது, மற்றது இல்லை.

இலங்கையில் ஆங்கில ஆட்சி பின்னர் வேறு வழியை நாடிற்று. 1886ஆம் ஆண்டில் தடுப்பூசிச் சட்டம் கொண்டுவந்து கட்டாயமாக்கிற்று. சட்டத்திற்கு அஞ்சி மக்கள் கையை நீட்டினார்கள். கட்டாயத்தைப் பற்றி நீண்ட விவாதம் செய்ய இது இடமன்று.

பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது என்று 1980ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. இயற்கையாக அந்நோய் கண்ட கடைசி மனிதர் சோமாலியா நாட்டைச் சேர்ந்த அலி மாவ் மாலின் என்பவர். 1977ஆம் ஆண்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சமையற்காரராக வேலை பார்த்தார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவரே ஊசிக்குப் பயந்து தப்பித் திரிந்தார்! நோய் வந்தது, பிழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் தமது நாட்டில் போலியோ ஒழிப்புக்காக வீடுவீடாகச் சென்றவர்களோடு சேர்ந்து, தம் கதையைத் தாமே சொல்லித் தாய்மாரின் மனத்தை மாற்றினார். 2013இல் காலமாகும் வரையில் அந்தப் பணியிலேயே இருந்தார். அச்சத்தினால் ஊசியை விலக்கிய ஒருவரை அனுப்பி, அஞ்சுகிற தாயோடு பேசச் செய்வதற்கு எவ்வளவு செலவாகும்? விளம்பர முகவர்களின் கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பத்தி கிடையாது.

நம்மிடையே வயதானவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். முன்பெல்லாம் முகத்தில் அம்மைத் தழும்புள்ள ஆச்சிமார் ஊர்தோறும் இருந்தார்கள். பிள்ளைகள் அந்த முகங்களைப் பார்த்தே வளர்ந்தார்கள். அவர்கள் காலமாகிவிட்டார்கள். கால் சூம்பிய போலியோக் குழந்தையையும் இன்றைய இளந்தாய் கண்டதில்லை. இலங்கையில் கடைசியாகப் போலியோ கண்டது 1993ஆம் ஆண்டில். தடுப்பூசிக்கு நேர்ந்த விதி இதுதான்: தான் வென்ற பகைவனை முற்றாக மறைத்துவிடுகிறது, பகைவனைக் காணாதவர்கள் இப்படை எதற்கு என்று கேட்கத் தொடங்குகிறார்கள். கமக்காரரைப் பாருங்கள். கால்வாய் நோய் பக்கத்து ஊர்ப் பட்டியில் விழுந்தது என்று கேள்விப்பட்டால், மிருக வைத்தியரைத் தேடி அவரே ஓடுகிறார். அவருக்கு விளம்பரம் எதுவும் தேவைப்படவில்லை. அயலவன் மாடு நுரை தள்ளி நின்றதை அவர் கண்ணாற் கண்டிருக்கிறார். கண்டதை நம்புகிறவர்க்குக் காணாததை எடுத்துச் சொல்லத்தான் அரசாங்கத்தின் பணம் வேண்டியிருக்கிறது. இதனாலேயே, விளம்பரச் செலவை அடியோடு வெட்டிவிடுங்கள் என்பவர்களோடு நாம் சேரவில்லை.

பணம் இல்லாமலே பேசிய ஒரு விளம்பரத்தையும் இம்மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். 1990களில், போர் நடந்த நாட்களில், போலியோச் சொட்டு மருந்து கொடுப்பதற்காக யுனிசெப் முதலியோரின் முயற்சியால் துப்பாக்கிகள் ஓய்ந்த நாட்கள் இருந்தன. ஒருவர் சொல்லை மற்றவர் ஒருபொழுதும் நம்பாத இரு தரப்பாரும் அந்த மருந்துக்காகச் சில நாள் பொறுத்தார்கள். வெடியோசை கேளாத அந்தக் காலைப்பொழுதில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த தாய்க்கு இம்மருந்து பெரிய பொருள் என்று எவரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

இனி, அண்மைக் காலத்துக்கு வருவோம். கொவிட் நோய் இந்நாட்டைப் பிடித்த 2020ஆம் ஆண்டு நவம்பரில், அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி, நோய் நீங்கும்பொருட்டு மந்திரித்த நீர்க்குடங்களை ஆற்றில் இட்டார். டிசம்பரில், கேகாலையைச் சேர்ந்த ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்து செய்த பாணியை அவர் பகிரங்கமாக அருந்தினார். ஆயிரக்கணக்கானோர் அந்தப் பாணியைத் தேடிக் கேகாலையில் முண்டியடித்தனர். 2021 ஜனவரியில் அமைச்சருக்கே நோய் கண்டது. அம்மாதம் 28ஆம் நாள் இந்தியா நன்கொடையாக அனுப்பிய ஐந்து லட்சம் ஊசிமருந்து வந்திறங்கிற்று. மறுநாள் ஊசி போடத் தொடங்கினார்கள். அதே அமைச்சின் பெயரால், ஊசியே காக்கும், விஞ்ஞானத்தை நம்புங்கள் என்று விளம்பரம் செய்யவேண்டியதாயிற்று! ஒரு வாயால் பாணியைக் குடித்து மறுவாயால் ஊசியைப் புகழ்ந்தால், கேட்கிறவன் எதை நம்புவான்? அமைச்சர் ஒரு மிடறு குடித்ததை அழிப்பதற்கு எத்தனை பக்க விளம்பரம் வேண்டியிருந்திருக்கும் என்று கணக்கர் எவரேனும் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். கொவிட் நோயால் இறந்தோரை எரித்தே தீரவேண்டும் என்று 2020இல் விதித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் புதைக்கவும் எரிக்கவும் இடமுண்டு என்று சொல்லியும் கேட்கவில்லை. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அவ்விதி நீங்கிற்று. கிண்ணியாவிலும் மூதூரிலும் வாழும் நம் முஸ்லிம் சகோதரர்கள் தம் பெற்றோரின் உடலை மார்க்க முறைப்படி அடக்கம் செய்ய இயலாமல் துடித்த நாட்களை நாம் அறிவோம். அந்த நாட்களிலே அதே அரசாங்கம் உங்கள் நன்மைக்காகவே சொல்கிறோம் என்று அவர்களிடம் ஊசியோடு வந்தது. அவர்கள் கை நீட்டினார்கள் என்றால் அது அவர்களின் பெருந்தன்மையும், வீடுவீடாக நடந்த சுகாதார ஊழியரின் உழைப்பும்.

வெளிநாட்டைப் பார்த்தால் பணத்தின் அளவு மலைப்பைத் தருகிறது. அமெரிக்க அரசாங்கம் 2021இல் தொடங்கிய கொவிட் தடுப்பூசிப் பிரசாரம் ஒன்றுக்கு மட்டும் 90 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. ஊசி போட்டவரிடமிருந்து நோய் பிறர்க்குப் பரவாது என்னும் வண்ணம் அதிகமாகச் சொல்லிவிட்டார்கள், பின்னர் அது பொய்த்தபோது மக்கள் நம்பிக்கை இழந்தார்கள் என்று, எதிர்க்கட்சியினர் பெரும்பான்மையாக இருந்த ஒரு பிரதிநிதிகள் சபைக் குழு 2024 அக்டோபரில் குற்றஞ்சாட்டியது. அக்குழுவுக்கும் அரசியல் நோக்கம் இருந்திருக்கும். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் கடும் நோயையும் மரணத்தையும் குறைக்கும் என்ற உண்மை அந்த ஊசிக்குப் போதுமான புகழாக இருந்தது. அதற்கு மேல் ஒரு சொல் கூட்டியவர்கள் ஊசிக்கு நன்மை செய்யவில்லை.

இந்தியாவில் வேறொரு நோய்: முகம் காட்டும் நோய். அரசாங்கச் செலவில் வரும் விளம்பரத்தில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி ஆகியோரைத் தவிர எவர் படமும் கூடாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே முதலமைச்சர்களும் அமைச்சர்களும் படம் போட்டுக்கொள்ளலாம் என்று தளர்த்தியது. 2021இல் கொவிட் ஊசி போட்டவர்க்குக் கொடுத்த சான்றிதழிலும் பிரதமரின் படம் இருந்தது. தேர்தல் நடக்கும் மாநிலங்களில் அதை நீக்கும்படி தேர்தல் ஆணையம் சொல்லவேண்டி வந்தது. அம்மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. ஊசியின் பெயரால் வாக்குக் கேட்டால், அந்தக் கட்சிக்கு வாக்களிக்காதவன் ஊசியையும் கட்சிப் பொருளாக எண்ணுவான். இந்த ஆசை நம் நாட்டு அரசியல்வாதிகளுக்கு இல்லை என்று நினைக்கவேண்டாம். நமது பக்கத்து அரசியல்வாதிகளையும் சேர்த்தே சொல்கிறோம்.

புகழ்பெற்றோரை முன்னிறுத்தினால் மக்கள் கேட்பார்கள் என்பதும் பாதி உண்மையே. நடிகர் விவேக் மக்கள்மேல் அன்புள்ளவர். மரம் நடுவதையே இயக்கமாகச் செய்தவர். 2021 ஏப்ரல் 15ஆம் நாள் சென்னை அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லாரும் காணும்படி ஊசி போட்டுக்கொண்டு, அஞ்சாதீர்கள் என்று மக்களை வேண்டிக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் நாள் காலமானார். தமிழகமெங்கும் அச்சம் பரவிற்று. கடல் கடந்து நம்மிடமும் வந்தது. ஊசியினால் நேர்ந்த மரணமன்று என்று நிபுணர் குழுவின் முடிவு வெளியானது அக்டோபரில். இடையில் ஆறு மாதம்! அந்த ஆறு மாதமும் வதந்திக்குக் குத்தகையாயிற்று. வதந்திக்கு அச்சுக்கூலியும் இல்லை, கேள்விப்பத்திரமும் இல்லை. 2017 பெப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ருபெல்லா ஊசி போட்டபோதும் வாட்ஸ்அப் வழியே பரவிய பொய்களால் பெற்றோர் தயங்கினர். கால எல்லையை நீட்டவேண்டி வந்தது.

இந்த இடத்தில் நம் நாட்டுச் சுகாதாரத் துறைக்கு உரிய புகழைக் கொடுத்தே ஆகவேண்டும். 2008 ஜனவரியில் ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி என்று புதிய மருந்து ஒன்றைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஊசி போட்டபின் சில குழந்தைகள் இறந்ததாகச் செய்தி வந்தது. ஏப்ரலில் அந்த ஊசியை நிறுத்தினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணரையும் அழைத்து ஆராய்ந்தார்கள். ஊசியே காரணம் என்பதற்குச் சான்று கிடைக்காத பின்னரே 2010இல் மீண்டும் கொடுத்தார்கள். நிறுத்தியது தவறு, தேவையில்லாத பயத்தைக் கிளப்பிற்று என்று சொல்லும் வைத்திய நண்பர்கள் உண்டு, இச்சபையிலும் இருக்கக்கூடும். நமது கருத்து வேறு. சந்தேகம் எழுந்தால் இவர்கள் நிறுத்தி ஆராய்வார்கள் என்று கண்டுகொண்ட தாய், அடுத்த ஊசிக்கு நம்பி வருவாள். நம் நாட்டில் தொண்ணூறு வீதத்திற்கு மேற்பட்ட குழந்தைகள் தடுப்பூசி பெறுகிறார்கள் என்றால், அந்த நம்பிக்கையைச் சுவரொட்டி வாங்கித் தரவில்லை.

வாங்கித் தந்தவள் மருத்துவமாது. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு வளர்ந்து வந்த ஏற்பாடு இது. கர்ப்பிணியின் வீட்டுக்கு வந்து, பிள்ளை பிறந்தபின்னும் வந்து, எடை பார்த்து, ஊசிக்கு நாள் சொல்லிப் போகிறவள் அவள். இந்தியாவில் போலியோ ஒழிந்த கதையும் இதுவே. 1995 முதல் நாடெங்கும் இரண்டு சொட்டு, இரண்டு சொட்டு என்று நட்சத்திர நடிகர்களைக்கொண்டு பெரும்பணம் செலவிட்டு முழங்கினார்கள். பெருந்திரளான மக்கள் வந்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் பல வீடுகளின் கதவு மட்டும் திறக்கவில்லை. அந்தக் கதவுகளை நட்சத்திரங்கள் திறக்கவில்லை. அதே தெருவில் வாழும் பெண்களை அமர்த்தி, அவர்களைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். மௌலவிமாரையும் துணைக்கு அழைத்தார்கள். கதவு திறந்தது. 2011 ஜனவரிக்குப் பின் அந்நாட்டில் போலியோ கண்ட குழந்தை இல்லை. முழக்கமும் வேண்டியிருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சுவரொட்டியிடம் கேள்வி கேட்க முடியாது. "போன ஊசிக்குப் பிள்ளைக்கு இரவெல்லாம் காய்ச்சல்; இந்த ஊசியும் அப்படியா அக்கா?" என்று ஒரு தாய் மருத்துவமாதிடம் கேட்கலாம். "வரலாம், வந்தால் இந்த மருந்தைக் கொடு, மூன்றாம் நாளும் விடாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வா" என்று அவள் சொல்வாள். அந்த ஒரு மறுமொழிக்கு ஈடான விளம்பரம் இல்லை.

இப்போது மொழிக்கு வருவோம். 1956இல் சிங்களம் மட்டும் என்றார்கள். 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழி என்றார்கள். 1988இன் பதினாறாம் திருத்தம் வடக்கு கிழக்கில் தமிழே நிருவாக மொழி என்பதை உறுதிசெய்தது. எழுத்தில் குறைவில்லை. கொவிட் காலத்தில் நாம் கண்ணாற் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். ஓர் அலுவலக வாசலில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. சிங்களத்தில் நாள், நேரம், இடம், முன்னர் மருந்து ஒவ்வாமை உள்ளவர் யாரிடம் சொல்லவேண்டும் என்ற விவரம் எல்லாம் இருந்தன. கீழே தமிழில் நாளும் இடமும் மட்டும் இருந்தன, அதிலும் எழுத்துப்பிழை. ஒவ்வாமை தமிழனுக்கு வராதா? அந்த ஒரு வரி விடுபட்டதால் எவருக்கேனும் தீங்கு நேர்ந்ததா என்று கேட்பீர்கள். நேர்ந்தபின் கேட்பதற்காக நாம் காத்திருக்கவேண்டுமா?

மொழிபெயர்த்து வந்தாலும் குறை தீர்வதில்லை. நோயெதிர்ப்புச் சக்தியாக்கல் நிகழ்ச்சித்திட்டம் என்று எழுதினால் சல்லியில் வலை பொத்துகிறவருக்கு என்ன விளங்கும்? வேறொரு மொழியில் சிந்தித்து, வேறோர் ஊரில் எழுதி, கடைசி நாளில் அகராதி பார்த்துத் தமிழாக்குகிறார்கள். இதற்கு ஆகும் செலவில், இங்கிருந்தே ஒரு தமிழாசிரியரையும் ஒரு வைத்தியரையும் ஒரு மருத்துவமாதையும் உட்காரவைத்து, தமிழிலே சிந்தித்துத் தமிழிலே எழுதச் செய்யலாம். நேரத்தையும் பார்க்கவேண்டும். வள்ளம் கரைக்கு வரும் நேரத்திலும், வயலில் அறுவடை நடக்கும் நாளிலும் கிளினிக் வைத்துவிட்டு, மக்களுக்கு விழிப்புணர்ச்சி போதாது என்று அறிக்கை எழுதுவதைப் பார்த்திருக்கிறோம். விழிப்புணர்ச்சி இருந்தது, வருவதற்கு நேரம் இல்லை.

ஆதலின் நாம் கேட்பதைத் திறந்த மனத்தோடு சொல்கிறோம். தடுப்பூசி விளம்பரத்துக்கு ஆகும் செலவை அரசாங்கம் மூன்று மொழிக்கும் பிரித்து, ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். எந்த மொழிக்கு எவ்வளவு என்று வரி கொடுப்பவன் அறியட்டும். தமிழ் அறிவித்தல் ஆயத்தமாகும் வரையில் மற்ற மொழி அறிவித்தலும் வெளியாகக் கூடாது. இரண்டும் ஒரே நாழிகையில் வரட்டும். எந்த அமைச்சரின் படமும் வேண்டாம். ஊசியின் நன்மை எவ்வளவு எழுத்தில் வருகிறதோ, வரக்கூடிய காய்ச்சலும் வீக்கமும் அவ்வளவு எழுத்தில் வரட்டும். மருத்துவமாதின் வெற்றிடங்கள் நிரம்பும் வரையில், பெரிய பலகை விளம்பரங்களுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதியை அவளுடைய பயணச் செலவுக்கு மாற்றட்டும்.

இது அவசரமில்லாத வேண்டுகோள் என்று எண்ணிவிடாதீர்கள். இலங்கையில் தட்டம்மை ஒழிந்துவிட்டது என்று 2019ஆம் ஆண்டு ஜூலையில் பெருமையோடு அறிவித்தோம். நான்கே ஆண்டில், 2023இல், அது திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில் ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு மேலதிகமாக ஓர் ஊசி போடவேண்டி வந்தது. கொவிட் கெடுபிடியில் தவறிப்போன ஊசிகளும், எங்கள் பிள்ளைக்கு இது வராது என்று இருந்துவிட்ட வீடுகளும் அந்நோய்க்கு வழி திறந்தன.

தாய்மார்களே, இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். தட்டம்மை ஊசிக்கு ஒன்பதாம் மாதத்துக்கு ஒரு கட்டமும், மூன்றாம் வயதுக்கு ஒரு கட்டமும் இருக்கும். இரண்டிலும் திகதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்க இயலாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு பார்ப்பியுங்கள். கட்டம் வெறுமையாக இருந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை வைத்திருந்து மருத்துவமாதிடம் காட்டுங்கள். ஊசியைப் பற்றி மனத்தில் ஏதேனும் ஐயம் இருந்தால் அதையும் வைத்திருக்கவேண்டாம். வைத்தியர் இருவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள், கூட்டம் கலையுமுன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.